டொமைனைக் கிளவுட்ஃப்ளேருடன் இணைத்தல்: நேம்சர்வரை மாற்றும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆலயத்துக்கோ தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்கோ ஓர் அகப்பக்கம் இருந்தால், அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கணினி தெரிந்த யாரோ ஒருவர் தலையில் வந்து விழுந்துவிடும். எங்கள் தோட்டத்து மாரியம்மன் ஆலயத்தின் பக்கம் அப்படித்தான் என்னிடம் வந்தது. திருவிழா நெருங்கும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் அழைப்பிதழைத் திறக்க, பக்கத்தை வைத்திருக்கும் மலிவு விலை ஹோஸ்டிங் (வாடகைச் சர்வர்) திணறும். செம்பனைக் காட்டுக்குள் கைத்தொலைபேசி அலை கிடைப்பதே அரிது என்பதால், மெதுவாக வரும் பக்கத்துக்காக யாரும் காத்திருப்பதில்லை. இந்தக் காரணங்களுக்காகவே டொமைனை, அதாவது அகப்பக்கத்தின் இணையப் பெயரை, அகப்பக்கங்களுக்கு முன்னால் நின்று வேகமும் பாதுகாப்பும் தரும் கிளவுட்ஃப்ளேர் சேவையின் இலவசத் திட்டத்தில் இணைத்தேன்.

பழைய தோட்டங்களில் வெளியாள் எவரும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு நேராகப் போய்விட முடியாது. ஆபீசில் கிராணியை (எழுத்தரை) பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கிளவுட்ஃப்ளேர் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். வருகையாளரின் உலாவி உங்கள் சர்வரை நேராக அடையாமல் கிளவுட்ஃப்ளேரிடம் முதலில் வரும். அது தன்னிடம் சேமித்துள்ள படங்களையும் கோப்புகளையும் தானே கொடுத்துவிட்டு, தாக்குதல் நோக்கத்துடன் வருபவற்றைத் தடுத்து, மற்றவற்றுக்கு மட்டும் சர்வரிடம் போகும். கோலாலம்பூரிலும் அதற்குத் தரவு மையம் உண்டு.

முதலில் டொமைன் பதிவுக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். சங்கங்களில் அது பெரும்பாலும் முன்னாள் செயலாளர் ஒருவரின் பழைய மின்னஞ்சலில் மாட்டிக்கொண்டிருக்கும். கிளவுட்ஃப்ளேருடன் இணைப்பது என்றால், டொமைன் பெயர் எந்தச் சர்வரைக் குறிக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்லும் நேம்சர்வரைக் கிளவுட்ஃப்ளேருடையதாக மாற்றுவதுதான். அதற்கு அந்தக் கணக்கு இல்லாமல் வழியில்லை. இணைத்த பிறகும் டொமைன் அதைப் பதிவு செய்த பழைய பதிவாளர் நிறுவனத்திடமே இருக்கும் என்பதையும், டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் ஆண்டுக் கட்டணம் தொடரும் என்பதையும் நிர்வாகத்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து, ஹோஸ்டிங் பலகத்தில் உள்ள டிஎன்எஸ் பதிவுகள் (டொமைனின் அகப்பக்கமும் அஞ்சலும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் வரிகள்) அனைத்தையும் ஒரு கோப்பில் படியெடுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையின் பெரும்பகுதி இதுதான். அவசரப்படுபவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுவே. கிளவுட்ஃப்ளேரில் டொமைனைச் சேர்த்தவுடன் அது இருக்கும் பதிவுகளைத் தானே தேடி எடுத்துக் காட்டும். ஆனால் பெயர்களை ஊகித்துத் தேடும் அந்த முறையில் எல்லாம் அகப்படும் என்ற உறுதியில்லை. அகப்பக்கச் சர்வரின் எண் முகவரியைச் (ஐபி முகவரியைச்) சொல்லும் ஏ பதிவும் அஞ்சல் சர்வரைச் சொல்லும் எம்எக்ஸ் பதிவும் பொதுவாக வந்துவிடும். மின்னஞ்சல் உண்மையிலேயே நம் டொமைனிலிருந்து வந்தது என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பத்துக்கான பதிவு, தனிப்பெயர் ஒன்றோடு ‘டொமைன்கீ’ என்ற சொல்லைச் சேர்த்து நீளமாக அமைந்திருப்பதால், எளிதில் விடுபட்டுப்போகும். அது விடுபட்டால் அகப்பக்கம் நன்றாகவே திறக்கும், ஆனால் ஆலயம் அனுப்பும் கடிதங்கள் பெறுநரின் குப்பைப் பெட்டியில் போய் விழத் தொடங்கும். ஆகவே கோப்பையும் திரையையும் வரிவரியாக ஒப்பிட்டு, இல்லாதவற்றைக் கையால் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் ஒரு மேகச் சின்னம் தெரியும். ஆரஞ்சு நிறமானால் போக்குவரத்து கிளவுட்ஃப்ளேர் வழியாகச் செல்லும். சாம்பல் நிறமானால் பெயருக்குரிய ஐபி முகவரி மட்டும் அப்படியே வெளியே சொல்லப்படும். ஆரஞ்சு மேகம் அகப்பக்கப் போக்குவரத்துக்கு மட்டுமே உரியது. மின்னஞ்சலோ சர்வருக்குக் கோப்பு ஏற்றும் எஃப்டிபியோ அதன் வழியாகப் போகாது. முதல் முறை நான் ‘மெயில்’ என்ற பதிவையும் ஆரஞ்சாக விட்டுவிட்டேன். மறுநாள் செயலாளர் அண்ணன் தம் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து நீட்டினார். அஞ்சல் பெட்டி திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உபயக்காரர்களின் கடிதங்கள் உள்ளே கிடந்தன. தொலைபேசி அஞ்சலைப் படிக்கப் பயன்படுத்தும் 993ஆம் போர்ட் (இணைப்பு வாயில்) வழியான போக்குவரத்தைக் கிளவுட்ஃப்ளேர் கடத்துவதில்லை என்று பிறகுதான் உறைத்தது. மேகத்தைச் சாம்பலாக்கிய சில நிமிடங்களில் எல்லாம் சரியானது.

இன்னொன்றையும் நேம்சர்வரைத் தொடுமுன் பார்த்துவிட வேண்டும். டிஎன்எஸ் பதிவுகள் போலியல்ல என்று கையொப்பத்தால் காட்டும் டிஎன்எஸ்செக் டொமைனில் இயங்கிக்கொண்டிருந்தால் பதிவாளரிடம் அதை நிறுத்தி, அந்தக் கையொப்பத்துக்கு அடையாளமாக மேல்நிலையில் உள்ள டிஎஸ் பதிவு நீங்கிய பின் ஒரு நாளாவது பொறுத்திருங்கள். மறந்துவிட்டால் பழைய கையொப்பமும் புதிய நேம்சர்வரும் ஒத்துப்போகாது. அப்போது கையொப்பத்தைச் சரிபார்க்கும் கூகளின் 8.8.8.8 போன்ற டிஎன்எஸ் சேவைகளைப் பயன்படுத்துவோருக்குப் பக்கம் திறக்காது, சரிபார்க்காதவர்களுக்குத் திறக்கும். எங்கே கோளாறு என்று தெரியாமல் மண்டை காய்ந்துவிடும்.

இதன் பிறகு எல்லா மேகங்களையும் தற்காலிகமாகச் சாம்பலிலேயே வைத்துவிட்டு நேம்சர்வரை மாற்றுவது என் வழக்கம். கிளவுட்ஃப்ளேர் இரண்டு நேம்சர்வர் பெயர்களைத் தரும். இரண்டும் மனிதர் பெயரில் தொடங்கும் என்பது ஒரு வேடிக்கை. பதிவாளரின் பக்கத்தில் பழையவற்றை முழுவதும் நீக்கி, இவ்விரண்டையும் எழுத்துப் பிசகாமல் இட வேண்டும். பழையதும் புதியதும் கலந்து இருக்கக் கூடாது. டாட் காம் டொமைன்களின் நேம்சர்வர் விவரத்தை மற்றக் கணினிகள் 1,72,800 விநாடிகள், அதாவது 48 மணி நேரம் வரை நினைவில் வைத்திருக்கலாம் என்பதால் அதுவரை பழைய ஹோஸ்டிங்கில் எதையும் அழிக்காதீர்கள்.

கிளவுட்ஃப்ளேரிலிருந்து மாற்றத்தை உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்து, அகப்பக்கமும் அஞ்சலும் இயங்குவதைப் பார்த்துக்கொண்ட பின், அகப்பக்கத்துக்கான பதிவுகளை மட்டும் ஆரஞ்சாக்குங்கள். அதற்கு முன்பே, மறையாக்கத்துக்கான எஸ்எஸ்எல் பகுதியில், உங்கள் சர்வரின் சான்றிதழைச் சரிபார்த்து மறையாக்கத்துடன் பேசும் ‘ஃபுல் ஸ்ட்ரிக்ட்’ முறையைத் தேர்ந்திருக்க வேண்டும். ‘ஃப்ளெக்சிபிள்’ முறையில் கிளவுட்ஃப்ளேர் உங்கள் சர்வரிடம் மறையாக்கம் இல்லாத எச்டிடிபி வழியாகப் பேசும்; மறையாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ்ஸுக்கு வா என்று சர்வர் திருப்பி அனுப்பும்; கிளவுட்ஃப்ளேர் மீண்டும் எச்டிடிபியிலேயே போய் நிற்கும். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து, அளவுக்கு மீறிய திசைதிருப்பல் என்று உலாவி கைவிட்டுவிடும். சர்வரில் செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லையென்றால் 15 ஆண்டுகள் வரை செல்லும் மூலச் சான்றிதழைக் கிளவுட்ஃப்ளேரே இலவசமாகத் தருகிறது. ஆனால் அதைக் கிளவுட்ஃப்ளேர் மட்டுமே நம்பும். மேகத்தைச் சாம்பலாக்கினால் உலாவி எச்சரிக்கை காட்டும்.

அகப்பக்கம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரெஸில் பாதுகாப்புச் செருகுநிரல் (கூடுதல் நிரல்) வைத்திருப்பவர்கள், வருகையாளரின் உண்மையான ஐபி முகவரியைக் ஒவ்வொரு வேண்டுகோளோடும் கிளவுட்ஃப்ளேர் சேர்த்து அனுப்பும் தலைப்பு வரியிலிருந்து எடுக்குமாறு அதை அமைத்துவிட வேண்டும். இல்லையெனில் எல்லாரும் கிளவுட்ஃப்ளேரின் ஒருசில முகவரிகளிலிருந்து வருவதாகவே அதற்குத் தோன்றும். ஒருவரைத் தடுக்கப் போய் ஊரையே தடுத்துவிடும்.

சேமிப்பைப் பொறுத்தவரை, படங்களும் பிடிஎஃப் கோப்புகளும் இயல்பாகவே சேமிக்கப்படும். பக்கத்தின் எழுத்தும் அமைப்பும் அடங்கிய எச்டிஎம்எல் சேமிக்கப்படாது. தீமிதி நேரத்தைத் திருத்திய அழைப்பிதழைப் பழைய கோப்புப் பெயரிலேயே ஏற்றினால், பலருக்குப் பழைய நேரமே தெரிந்துகொண்டிருக்கும். கிளவுட்ஃப்ளேரில் அந்தக் கோப்பின் முகவரியை மட்டும் கொடுத்துச் சேமிப்பை நீக்கலாம். ஆனால் முன்பே திறந்து பார்த்தவரின் தொலைபேசியில் தங்கிய படியை அது அழிக்காது. அதனால் நான் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து, புதுப் பெயரிலேயே ஏற்றி, பக்கத்தில் உள்ள இணைப்பையும் மாற்றிவிடுகிறேன்.