சிறிய தீவுதானே என்று கிளம்பிவிடாதீர்கள்: சாவோ தோமேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரைபடத்தில் சாவோ தோமே பிரின்சிப்பியைக் கண்டுபிடிக்கவே சற்று நேரமாகும். காபோன் நாட்டுக்கு மேற்கே, கினி வளைகுடாவில் இரண்டு புள்ளிகள். மொத்தப் பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்காவில் இதைவிடச் சிறிய நாடு செஷல்ஸ் ஒன்றுதான். இந்தச் சின்ன அளவுதான் பயணிகளை ஏமாற்றுகிறது. ‘நான்கு நாளில் முடித்துவிடலாம், மற்றதைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கிளம்புகிறவர்கள்தான் அங்கே அதிகம் தடுமாறுகிறார்கள்.

பெரிய தீவான சாவோ தோமேயின் நீளம் 50 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் அதைச் சுற்றிவரச் சாலை கிடையாது. வடமேற்குக் கரைச் சாலை சாந்தா கத்தரீனா ஊரை ஒட்டி நின்றுவிடுகிறது. கிழக்குக் கரைச் சாலை தெற்கே போர்ட்டோ அலெக்ரெ வரை போகிறது. இரண்டுக்கும் நடுவே மலையும் ஓபோ தேசியப் பூங்காவின் காடும். ஆகவே வடக்கும் தெற்கும் தனித்தனி நாட்களுக்குரியவை; ஒரே நாளில் இரண்டையும் திணித்தால் வண்டியின் ஜன்னலைத் தவிர எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடு என்பதால் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணிக்குள் இருட்டத் தொடங்கிவிடும். தெருவிளக்கில்லாத சாலையில், நடந்து போகிறவர்களுக்கும் பன்றிகளுக்கும் நடுவே இரவில் வண்டி ஓட்டுவதைத் தவிருங்கள்.

பிரின்சிப்பி தீவு சுமார் 150 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. சிறிய விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். செலவை மிச்சம் பிடிக்க நினைத்துச் சரக்கும் ஆட்களும் சேர்ந்து போகும் கப்பலில் ஏறாதீர்கள். 2019ஆம் ஆண்டு அந்த வழியில் ஒரு கப்பல் மூழ்கி உயிர்கள் போயின. விமானமும் வானிலையைப் பொறுத்தது. அங்கிருந்து திரும்பும் நாளையும் நாடு திரும்பும் நாளையும் அடுத்தடுத்து வைக்காமல், நடுவே ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுங்கள். போர்ச்சுகலின் லிஸ்பனுக்கோ அங்கோலாவின் லுவாண்டாவுக்கோ போகும் விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாளே கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

பண விஷயத்தில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். யூரோ நோட்டுகளாக, சிறிய மதிப்பிலும் சேர்த்து, கையில் கொண்டுபோங்கள். அந்நாட்டு நாணயமான டோப்ரா, ஒரு யூரோவுக்கு 24.5 என்று நிலையாகக் கட்டப்பட்டது. 2018 ஜனவரியில் அதிலிருந்து மூன்று சுழியங்களை நீக்கிவிட்டார்கள். பழைய வழிகாட்டி நூலில் ஒரு சாப்பாட்டுக்கு லட்சக்கணக்கில் விலை போட்டிருந்தால் மிரள வேண்டாம். மிஞ்சிய டோப்ராவை நாட்டுக்கு வெளியே மாற்ற முடியாது. கிளம்பும் முன்பே செலவழித்துவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அங்கோலா, கானா, காபோன் வழியாகப் போய்த் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்டுக்கொண்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். ஆகவே கிளம்பும் வாரத்தில் போட்டுக்கொள்வதில் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் ஆய்வு நிலையத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் போதும். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டிவரும். அந்தச் செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் போவது பெரும் தவறு. லிஸ்பன் வழியாகத் தனித்தனி டிக்கெட்டில் போனால், பெட்டியை எடுக்க வெளியே வருவதற்கே ஷெங்கன் விசா என்ற ஐரோப்பிய விசா வேண்டும். இதையும் மறந்துவிடாதீர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைந்த காலம். அதை ‘கிராவானா’ என்கிறார்கள். மழை குறைவு என்றால் வெயில் என்று அர்த்தமில்லை. அந்த மாதங்களில் வானம் பெரும்பாலும் மூடியே இருக்கும். தென்மேற்கில் எந்த மாதத்திலும் மழையை எதிர்பார்க்கலாம். 2,024 மீட்டர் உயரமுள்ள சாவோ தோமே சிகரத்துக்கோ காட்டுக்கோ உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். ‘கோப்ரா பிரெத்தா’ என்ற கருநாகம் அந்தக் காடுகளில் உண்டு. 2017இல்தான் அதைத் தனி இனமாக அறிவியலாளர் வகைப்படுத்தினார்கள். வெறும் செருப்போடு நடக்க வேண்டாம்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியம். அங்கே போகிற எல்லோரும் ‘ரோசா’ எனப்படும் பழைய தோட்டங்களைப் பார்க்கப் போகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகிலேயே மிக அதிகமாகக் கோகோ விளைவித்த இடங்களுள் ஒன்று இந்தத் தீவு. அந்தக் கோகோ யாருடைய உழைப்பு? அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும், ஒப்பந்தம் என்ற பெயரில் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டுத் திரும்பிப் போக முடியாமல் மடிந்தவர்களின் உழைப்பு. 1909இல் கேட்பரி சாக்லேட் நிறுவனம் இங்கிருந்து கோகோ வாங்குவதையே நிறுத்த வேண்டியதாயிற்று. போர்ச்சுகீசியர் ஆண்ட காலத்தில், 1953 பிப்ரவரியில், தோட்ட வேலைக்குக் கட்டாயப்படுத்தப்படுவோம் என்று அஞ்சி எதிர்த்த மக்கள் படெப்பா என்ற ஊரில் தொடங்கிய படுகொலையில் கொல்லப்பட்டார்கள். பிப்ரவரி 3 இன்றும் அங்கே நினைவு நாள்.

அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருக்கிறார்கள். அகுவா இசே தோட்டத்தின் பெரிய மருத்துவமனைக் கட்டடத்துக்குள்ளும் குடும்பங்கள் வாழ்கின்றன. பயணிகள் அதைப் பாழடைந்த மாளிகை என்று நினைத்து, படியேறி, கதவுகளுக்குள் கேமராவை நீட்டுகிறார்கள். அது ஒருவருடைய வீடு. அங்கே துணி காய்கிறது, அடுப்பு எரிகிறது. முதலில் வணக்கம் சொல்லுங்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தேயிலைத் தோட்ட லயங்களின் கதை தெரிந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் ‘தோசி, தோசி’ என்று மிட்டாய் கேட்டு ஓடிவருவார்கள். அள்ளி வீசாதீர்கள். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் பென்சிலோ நோட்டோ வாங்கிப் பள்ளி ஆசிரியரிடம் கொடுங்கள்.

பேச்சு மொழி போர்ச்சுகீசியமும் தீவுக்குரிய கிரியோல் மொழிகளும்தான். ஆங்கிலத்தை நம்பிப் போக வேண்டாம். ஆனால் சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியரிடமிருந்து நமக்கு வந்த சொற்கள்; விடுதியில் ‘ஷாவி’ என்று கேட்டால் சாவி வரும். ‘போம் தியா’ என்ற காலை வணக்கத்தையும் ‘ஒப்ரிகாது’ என்ற நன்றியையும் கற்றுக்கொள்ளுங்கள்; பெண்கள் ‘ஒப்ரிகாதா’ என்று சொல்ல வேண்டும். சைவர்கள் முன்பே சொல்லிவைப்பது நல்லது, ஏனென்றால் சாப்பாடு என்றால் அங்கே மீன்தான். வாழைக்காயும் சீமைப்பலாவும் பசியைத் தீர்க்கும். நம்மூர்ப் பலாப்பழமும் சாலையோரம் கிடைக்கும்.

ஆண்டின் கடைசி மாதங்களில் கடல் ஆமைகள் முட்டையிடக் கரையேறும். இரவில் கைவிளக்கை அடித்து அவற்றை நெருங்கினால் முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடும். பாதுகாப்புப் பணியில் இருப்பவர்களோடு மட்டும் போங்கள். ஆமை ஓட்டில் செய்த வளையலோ சீப்போ யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். 2014 முதல் அந்நாட்டில் ஆமையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். கையில் டோப்ரா மிஞ்சியிருந்தால் அங்கேயே விளைந்த கோகோவில் செய்த சாக்லேட் வாங்கி வாருங்கள்.