அறிபுனைத் தொடர்களில் தொடர்ச்சிப் பிழைகளையும் தகவல் பிழைகளையும் கண்டறிவது எப்படி? – செய்முறை விளக்கம்

அறிபுனைத் தொலைக்காட்சித் தொடர்களை ஆர்வத்தோடு பார்க்கிறவர்கள் பலருக்கு, எங்கோ ஏதோ இடிக்கிறது என்று தோன்றும். ஆனால் அதைச் சான்றோடு எடுத்துக்காட்டத் தெரியாமல் விட்டுவிடுவார்கள். அவர்களுக்காகவே இந்த விளக்கத்தை எழுதுகிறேன். ஒரு தொடர் தான் முன்பு சொன்னதற்கே மாறாகப் பேசினால் அது தொடர்ச்சிப் பிழை. நாம் வாழும் உலகின் உண்மைக்கு மாறாகப் பேசினால் அது தகவல் பிழை. முதலாவதற்கான சான்று தொடருக்குள்ளேயே கிடைக்கும். இரண்டாவதற்கு வெளியே தேட வேண்டும். எந்த வகையாக இருந்தாலும், இரண்டு சான்றுகளை அருகருகே வைத்து, ‘இவை இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது’ என்று காட்ட முடிந்தால் மட்டுமே அதைப் பிழை என்று எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எடுத்துக்காட்டுகளுக்கு 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான, ஒரு விண்கலக் குழுவின் பயணங்களைச் சொல்லும் முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ அமெரிக்கத் தொடரை எடுத்துக்கொள்கிறேன். தொடங்குகிறவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சிக் களம் இல்லை.

படி 1: கருவிகள்

கணினியில் வி.எல்.சி. செயலி போதும். அதில் ஆங்கில ‘இ’ (E) விசையை அழுத்தினால் காட்சி ஒவ்வொரு சட்டகமாக, அதாவது ஒவ்வொரு தனிப்படமாக, நகரும். கைப்பேசித் திரையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். கதாபாத்திரத்தின் சட்டையில் இருக்கும் சின்னம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூட அதில் சரியாகத் தெரியாது. ஓ.டி.டி. தளங்களில் திரைப்பிடிப்பு எடுத்தால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் பதிவாகும் என்பதால், முடிந்தவரை குறுந்தகட்டுப் பதிப்பைத் தேடிப் பிடியுங்கள். குறிப்பெடுக்க நோட்டுப் புத்தகத்தைவிட எக்செல் போன்ற விரிதாளே சிறந்தது. அத்தியாயம், நேரம், வசனம் அல்லது காட்சி, அது முரண்படும் இடம் என்று நான்கு பத்திகள் வையுங்கள். பின்னர் பெயர் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் தேடுவதற்கு அதுவே கைகொடுக்கும்.

படி 2: முதல் முறை கதைக்காக மட்டும் பாருங்கள்

பேனாவைத் தொடாமல் ஒருமுறை பார்த்து முடியுங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது குறிப்பெடுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

படி 3: அத்தியாயங்களின் வரிசையைச் சரிபாருங்கள்

எனக்கு அதிகக் காலம் பிடித்தது இந்தப் படியில்தான். புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான். ஒளிபரப்பான வரிசையும் படமாக்கப்பட்ட வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் இரண்டாவது முன்னோட்ட அத்தியாயம், அதாவது தொடருக்கு ஒப்புதல் பெறுவதற்காக எடுத்த மாதிரி அத்தியாயம், 1965-இல் படமாக்கப்பட்டது. ஆனால் ஒளிபரப்பானதோ 1966 செப்டம்பர் 22 அன்று, மூன்றாவது அத்தியாயமாக. ஒளிபரப்பு வரிசையில் பார்ப்பவருக்கு, முதல் இரண்டு வாரங்களில் பழகிய சீருடை திடீரென்று மாறியிருக்கும். கப்பலின் அறிவியல் அதிகாரி ஸ்பாக் பொன்னிறச் சட்டையில் வருவார். மருத்துவர் மெக்காய் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு மருத்துவர் இருப்பார். சுலு கப்பலை ஓட்டாமல் இயற்பியலாளராக இருப்பார். இவற்றை நான்கு தனித்தனிப் பிழைகளாக அட்டவணையில் ஏற்றினால் தவறு. நான்குக்கும் காரணம் ஒன்றுதான்: அந்த அத்தியாயம் முன்பே எடுக்கப்பட்டது.

ஆனால் அதே அத்தியாயத்தில் வரும் ஒரு கல்லறைக் கல்லை நிறுத்திப் பாருங்கள். கப்பலின் தலைவர் பெயர் அதில் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்று பொறிக்கப்பட்டிருக்கும். பின்னர் தொடர் முழுவதும் அவர் ‘ஜேம்ஸ் டி. கிர்க்’. சீருடையை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாம். ஒரு மனிதரின் பெயரெழுத்து மாறியதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. ஆகவே சீருடை தயாரிப்பு வேறுபாடு, கல்லில் இருக்கும் எழுத்து தொடர்ச்சிப் பிழை. இவ்விரண்டையும் பிரித்தறியப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 4: வசனத்தில் எண் வந்தால் கணக்குப் போடுங்கள்

1967 ஜனவரியில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் ட்ரெலேன் என்றொருவன் வருகிறான். பூமியிலிருந்து 900 ஒளியாண்டு தொலைவில் இருந்துகொண்டு, பூமியை எட்டிப் பார்த்துப் பழகியவன் அவன். ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம். 900 ஒளியாண்டு தொலைவிலிருந்து பார்த்தால் 900 ஆண்டுகளுக்கு முந்தைய பூமிதான் தெரியும். இதுவரை இயற்பியல் சரி. ஆனால் அவன் பேசுவது நெப்போலியனைப் பற்றி. அவனிடம் இருக்கும் கைத்துப்பாக்கிகள் அமெரிக்க அரசியல் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டனைக் கொன்ற துப்பாக்கிகளைப் போன்றவை. ஹாமில்டன் சுடப்பட்டது 1804-இல். அதனோடு 900-ஐக் கூட்டினால் 2704, அதாவது 28-ஆம் நூற்றாண்டு. கதை நிகழ்வதோ 23-ஆம் நூற்றாண்டில் என்று பின்னாளில் உறுதிப்பட்டது. 23-ஆம் நூற்றாண்டிலிருந்து 900 ஆண்டு பின்னே போனால் 14-ஆம் நூற்றாண்டு வரும். அப்போது நெப்போலியனின் பாட்டனாருக்குப் பாட்டனார்கூடப் பிறந்திருக்கவில்லை.

இந்த எடுத்துக்காட்டை நான் மிகவும் மதிப்பதற்குக் காரணம் உண்டு. அத்தியாயம் எழுதப்பட்டபோது நூற்றாண்டு இன்னதென்று தொடர் இறுதி செய்திருக்கவில்லை. ஆகவே எழுதியவர் பிழை செய்யவில்லை. பின்னால் வந்தவர்கள் காலத்தை வரையறுத்தபோதுதான் அது பிழையாயிற்று. எந்த வசனம் முதலில் வந்தது, எது அதை முரணாக்கியது என்று இரண்டையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

சுழலும் விண்வெளி நிலையம் வந்தால் கணக்கு இன்னும் எளிது. நிலையத்தின் ஆரத்தை மீட்டரில் எடுத்து 40-ஆல் பெருக்குங்கள். அது ஒருமுறை சுற்ற ஆகும் விநாடிகளின் வர்க்கத்தால் வகுங்கள். விடை 9.8-க்கு அருகில் இருந்தால் உள்ளே பூமியைப் போல நடக்கலாம். 224 மீட்டர் ஆரமுள்ள வளையம் 30 விநாடிக்கு ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ அந்த அளவு கிடைக்கும். அதே 30 விநாடியில் சுற்றுவது 20 மீட்டர் வளையமாக இருந்தால் கிடைப்பது 0.9 மட்டுமே, அது நிலவின் ஈர்ப்பைவிடவும் குறைவு. அங்கே ஒருவர் தேநீர்க் கோப்பையை ஏந்திச் சாதாரணமாக நடந்து வந்தால் தாராளமாகப் பிழை என்று எழுதலாம்.

படி 5: வானத்தைப் பாருங்கள்

இதற்குப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஒரு மாலை நின்றாலே போதும். நம் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் கடலிலிருந்து எழும். ஊருக்குப் பின்னால் மறையும். முழுநிலவு மாலையில் கடலின் மேல் எழும். மூன்றாம் பிறை மாலையில் மேற்கே, கட்டடங்களுக்கு மேல்தான் தெரியும். எனவே புதுச்சேரிக் கடற்கரை என்று சொல்லி, அந்தி வேளையில் கடலின் மேல் மெல்லிய பிறையைக் காட்டினால் அது தகவல் பிழை. விடியலுக்கு முன் காட்டினால் பிழையில்லை, ஏனெனில் தேய்பிறையின் கடைசி நாள்களில் அது அங்கேதான் எழும். பிறையின் இருண்ட பகுதிக்குள் விண்மீன் மின்னினால், எந்த ஊரானாலும் பிழை. அங்கே இருப்பது நிலவின் திண்ணிய உடல்.

ஸ்டெல்லேரியம் என்ற இலவசச் செயலியில் ஊரையும் நாளையும் நேரத்தையும் கொடுத்தால் அந்த வானம் அப்படியே திரையில் விரியும். கட்டணச் செயலிகள் எதுவும் தேவைப்படாது.

படி 6: காலப் பயணக் கதைகள்

இவற்றில் உங்கள் சொந்த ஊரிலிருந்து தொடங்குங்கள். ஊர் வரலாறு தெரிந்தவருக்குக் கண் தானாகவே கூர்மையாகும். ஒரு கதாபாத்திரம் 1950-ஆம் ஆண்டுப் புதுச்சேரியில் போய் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அரசுக் கட்டடத்தின் மேல் எந்தக் கொடி பறக்க வேண்டும்? பிரெஞ்சுக் கொடிதான். ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 16. அதே 1950-இல் கடலூரில் இந்தியக் கொடி பறக்கும். இரண்டு ஊர்களுக்கும் இடையே 20 கி.மீ.க்குச் சற்றே அதிகமான தூரம்தான். ஆனால் நடுவில் ஒரு நாட்டின் எல்லை இருந்தது. அந்தக் கதாபாத்திரம் எந்தச் சோதனையும் இல்லாமல் கடலூரிலிருந்து வந்து சேர்ந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: எதைப் பிழை என்று சொல்லக் கூடாது

கடலூரில் இருக்கும் என் தங்கை மகன் இதைக் கற்றுக்கொள்ளத் தொடங்கியதும் முதலில் கேட்டது, “மாமா, விண்வெளியில வெடிச்சா சத்தம் கேட்கவே கேட்காதே, இத்தனை இடத்துல கேட்குதே, எல்லாத்தையும் எழுதட்டுமா?” என்பதுதான். எழுத வேண்டாம் என்றேன். அது அந்தத் தொடர் முழுவதற்குமான ஒரு மரபு; ஒருமுறை குறித்தால் போதும். ஒளியை விஞ்சும் செய்தித்தொடர்பும் அப்படியே. செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே ஒரு செய்தி ஒருவழி செல்லவே, கோள்களின் இருப்பைப் பொறுத்து, சுமார் 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். அந்தத் தாமதத்தை மதிப்பதாக நிறுவிக்கொண்ட தொடர், பிறகு ஓர் அவசரக் காட்சியில் மட்டும் உடனுக்குடன் பதில் வரச் செய்தால் அது பிழை. தாமதமே இல்லாத கருவி எங்கள் உலகில் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்ட தொடரை அதற்காகக் குறை சொல்வது நியாயமில்லை.

விளக்கம் சொல்ல இடமிருக்கும் முரண்களைத் தனியாக வையுங்கள். 1982-இல் வந்த இரண்டாவது ‘ஸ்டார் ட்ரெக்’ திரைப்படத்தில் கான் என்ற எதிரி, கப்பல் குழுவில் ஒருவரான செக்காவை முன்பே பார்த்தவன் போல, கண்டதும் அடையாளம் கண்டுகொள்கிறான். கான் கப்பலுக்கு வந்த ஒரே அத்தியாயம் 1967 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. செக்காவ் தொடருக்குள் வந்ததோ அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் பருவத்தில். செக்காவ் அப்போதே கப்பலில் இருந்தார், நம் கண்ணில்தான் படவில்லை என்று சொல்ல இடமிருக்கிறது. எனவே இதை நான் ‘விளக்கத்துக்கு உரியது’ என்ற தலைப்பில் வைத்திருக்கிறேன். கல்லறைக் கல்லோடு சேர்க்கவில்லை.

பின்சேர்க்கை 1: தான் குறித்த நேரங்கள் மற்றவர்கள் குறித்தவற்றோடு ஒத்துவரவில்லை என்று நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவரிடம் இருப்பது பி.ஏ.எல். (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான குறுந்தகடு. விநாடிக்கு 24 சட்டகமாக எடுக்கப்பட்டதை 25 சட்டகமாக ஓட்டுவதால், 50 நிமிட அத்தியாயம் 48 நிமிடத்தில் முடிந்துவிடும். இனி நேரத்தோடு, அந்த இடத்தில் பேசப்படும் வசனத்தின் முதல் சில சொற்களையும் எழுதுங்கள். எந்தப் பதிப்பு என்பதையும் குறிப்பிடுங்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடருக்கு 2006 முதல் கணினி வரைகலைக் காட்சிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டதால், பழைய பதிப்பில் இருக்கும் விண்கலக் காட்சி புதியதில் அப்படியே இருக்காது.

பின்சேர்க்கை 2: தமிழ் மொழிமாற்றத்தில் பார்க்கிறவர்கள் எண் வரும் ஒவ்வொரு வசனத்தையும் மூல ஒலியில் ஒருமுறை கேளுங்கள். ஒரு பில்லியன் என்பது 100 கோடி. மொழிமாற்றத்தில் அது வெறும் கோடியாகிவிட்டால் பிழை குரல் கொடுத்த பக்கம் இருக்கிறது, தொடரின் பக்கம் இல்லை. ஒளியாண்டைக் கால அளவாக மாற்றிவிடும் வசனங்களுக்கும் இதுவே பொருந்தும். மூலத்திலும் அதே எண் இருந்தால் மட்டும் அட்டவணையில் ஏற்றுங்கள். இல்லையென்றால் ‘மொழிமாற்றம்’ என்று ஐந்தாவதாக ஒரு பத்தி திறந்து அதில் எழுதுங்கள்.