பைத்தான் நிரல்மொழியில் பட்டியலின் ஒரு பகுதிக்குள் மிகக் குறைந்த மதிப்பைக் கண்டறிதல்

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கும் கடையொன்றின் விலைகள், ‘விலைகள்’ என்னும் பட்டியலில் வரிசையாக இருப்பதாகக் கொள்வோம் (பைத்தான் 3 இல் மாறிக்குத் தமிழ்ப் பெயரே இடலாம்). மூன்றாவது முதல் ஆறாவது வரையுள்ள விலைகளுள் மிகக் குறைந்ததை அறிய மின்(விலைகள்[2:6]) என எழுத வேண்டும். மிகச் சிறியதைத் தரும் கட்டளையான ‘மின்’ என்பதை மட்டும் ஆங்கில எழுத்தில் (min) தட்டுங்கள். வரிசை எண் சுழியத்தில் தொடங்குவதாலும், முக்காற்புள்ளிக்குப் பின்வரும் இடம் கணக்கில் சேராததாலும் 2, 6 என்னும் எண்கள் வருகின்றன.

கோப்பிலிருந்து படித்த விலைகளை எண்ணாக மாற்றாமல் எழுத்துச் சரமாகவே விட்டால், முதல் எழுத்திலிருந்து ஒப்பிட்டு, 950ஐ விட 1200ஐயே சிறியதென்று ‘மின்’ தந்துவிடும்; பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் இதில்தான் மிகுந்த கவனம் தேவை. பகுதி வெறுமையாக இருந்தாலோ, வேல்யூஎரர் (ValueError) என்னும் பிழை எழுந்து நிரல் நின்றுவிடும்.