சாஃப்ட்பாலில் பந்து அம்பயர் மேல் பட்டால் எப்படி முடிவு சொல்வது?

பந்து அம்பயர் மேல் பட்டதும் பாதிப் பேர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். முதலில் அந்தப் பழக்கத்தை விடுங்கள். சாஃப்ட்பால் விதியைப் பொறுத்தவரை அம்பயர் மைதானத்தில் நட்டு வைத்த கம்பம் மாதிரிதான். அவர் மேல் பந்து பட்டாலும், ஓடி வரும் ரன்னரே அவர் மேல் மோதி விழுந்தாலும், ஆட்டம் நிற்காது. இதற்கு விலக்கு இரண்டு. பேட்டர் அடித்த ஃபேர் பந்து (ஃபவுல் ஆகாத அடி) யாரையும் தொடாமல், பந்து வீசும் பிட்சரைத் தவிர்த்த எந்த இன்ஃபீல்டரையும் (பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டரையும்) தாண்டாமல் அம்பயர் மேல் படுவது ஒன்று. பேஸை விட்டுக் கிளம்பிய ரன்னரை அவுட்டாக்க, பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் எறியும்போது, அவருக்கும் பின்னால் நிற்கும் பிளேட் அம்பயர் கேட்சருக்கு இடைஞ்சலாக இருப்பது இன்னொன்று. இந்த இரண்டில் சேராத எதற்கும் கையைத் தூக்காதீர்கள்.

முதல் விலக்கில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, பட்டதற்கு முன் பந்து எங்கே போனது என்பதுதான். பிட்சரின் கிளவுஸில் லேசாக உரசிவிட்டு வந்து அம்பயர் காலில் பட்டதா? ஆட்டம் தொடரும். ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் இன்ஃபீல்டரை) தாண்டிப் போய் அவருக்குப் பின்னால் நின்ற அம்பயர் மேல் பட்டதா? அப்போதும் தொடரும், ஏனென்றால் பிடிக்க வேண்டியவருக்கு வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்டது. பிட்சரைத் தொடாமல் தாண்டி, மற்ற இன்ஃபீல்டர்களுக்கு முன்னாலேயே அம்பயர் மேல் பட்டால் மட்டும்தான் பந்து உடனே டெட், அதாவது ஆட்டம் அங்கேயே நிற்கும். பேட்டருக்கு முதல் பேஸ், ஸ்கோர் புத்தகத்தில் அவருக்கு ஒரு ஹிட்.

சண்டை வருவது மற்ற ரன்னர்கள் விஷயத்தில்தான். பேட்டர் முதல் பேஸுக்கு வருவதால் இடம் விட்டே ஆக வேண்டியவர் மட்டும் நகரலாம், மற்றவர்கள் பழைய பேஸுக்குத் திரும்ப வேண்டும். முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆள் இருந்தால், முதல் பேஸ்காரர் இரண்டாவதுக்குப் போவார், மூன்றாம் பேஸ்காரர் ஹோமை (ரன் தரும் கடைசி பேஸை) தொட்டுவிட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்தாலும் திரும்பி வரத்தான் வேண்டும், அவர்கள் பெஞ்ச் எவ்வளவு கத்தினாலும் சரி. மூன்று பேஸும் நிரம்பியிருந்தால் எல்லோரும் ஒரு பேஸ் நகர்வார்கள், ரன் கணக்கில் ஏறும்.

பேஸ்பாலில் இது சாஃப்ட்பாலை விட எளிதாக நடக்கும். அங்கே பேஸ்களுக்கு இடையே 90 அடி. இரண்டு அம்பயர்கள் மட்டும் இருக்கும் ஆட்டத்தில் ரன்னர் இருந்தால் பேஸ் அம்பயர் நான்கு பேஸ்களுக்கு நடுவே, அடித்த பந்து வரும் வழியிலேயே நிற்பார். சாஃப்ட்பாலில் 60 அடிதான், அந்தக் குறுகிய இடத்தில் உள்ளே நின்றால் தினமும் அடி வாங்குவார், அதனால் இன்ஃபீல்டர்களுக்குப் பின்னால் நின்று, பந்து அவுட்ஃபீல்டுக்குப் போன பிறகே உள்ளே வருவார். நீங்கள் அம்பயராக நிற்கப் போகிறீர்கள் என்றால் இந்த இடத்தை மட்டும் சரியாகப் பிடியுங்கள், முதல் விலக்கு உங்கள் ஆட்டத்தில் வரவே வராது என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம்.

இரண்டாவது விலக்கில் அவசரப்படக் கூடாது. கேட்சர் எறியக் கையைப் பின்னால் கொண்டுபோகும்போது பிளேட் அம்பயரின் முகக்கவசத்தில் இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே ஆட்டத்தை நிறுத்தாமல், இடது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டி, முஷ்டியை மூடி, தாமதமான டெட் பால் சைகை காட்டி, எறி எப்படி முடிகிறது என்று பார்க்க வேண்டும். அதையும் மீறி ரன்னர் அவுட் ஆகிவிட்டால் இடைஞ்சலே நடக்காத மாதிரி, அவுட் அவுட்தான். அவுட் ஆகவில்லை என்றால் ரன்னர்கள் எல்லோரும் கிளம்பிய பேஸுக்கே திரும்ப வேண்டும். வீசிய பந்துக்குச் சொன்ன 'பால்' அல்லது 'ஸ்டிரைக்' முடிவு மாறாது. கேட்சர் நழுவவிட்ட பந்து அம்பயர் மேல் பட்டுத் திரும்பினால் அது இந்த விதிக்குள் வராது, ஓடுகிறவர் ஓடலாம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: பறந்து வரும் பந்து அம்பயர் மேல் பட்டுத் தெறித்து, தரையில் விழுமுன் ஃபீல்டர் பிடித்தாலும் அது கேட்ச் கிடையாது. தரையில் பட்டதாகத்தான் கணக்கு. ஆனால் சக ஃபீல்டர் மேல் பட்டுத் தெறித்தால் கேட்ச் செல்லும். 2021-ல் யோகோஹாமாவில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தின் 6-வது இன்னிங்ஸைப் பார்த்தவர்களுக்கு இது மறக்காது. அமெரிக்காவின் அமாண்டா சிடெஸ்டர் ஓங்கி அடித்த பந்து ஜப்பானுக்காக மூன்றாம் பேஸைக் காத்த யூ யாமமோட்டோவின் கையில் பட்டுத் தெறிக்க, ஷார்ட்ஸ்டாப் மனா அட்சுமி அதைக் காற்றிலேயே பிடித்து, கிளம்பிவிட்ட ரன்னர் திரும்புமுன் இரண்டாம் பேஸுக்கு எறிந்தார். ஒரே அடியில் இரண்டு அவுட். ஜப்பான் 2-0 என்று தங்கம் வென்றது. அதே பந்து யாமமோட்டோவுக்குப் பதிலாக ஓர் அம்பயர் மேல் பட்டிருந்தால் அந்தக் கேட்ச்சே இல்லை.

எறிந்த பந்து பற்றிப் பேச அதிகம் இல்லை. ஃபீல்டர் எறிந்தது அம்பயர் முதுகில் பட்டு எங்கே உருண்டு போனாலும் ஆட்டத்தில்தான் இருக்கிறது. ஃபவுல் பகுதியில் (ஆட்டக் கோடுகளுக்கு வெளியே) நிற்கும் அம்பயர் மேல், பேஸைத் தாண்டாத அடி பட்டால் ஃபவுல், அவ்வளவுதான்.

நீங்கள் பயிற்சியாளராக இருந்து முடிவில் சந்தேகம் வந்தால், எதைக் கேட்கிறீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். "கையில் இடித்ததா, இல்லையா" என்பது அம்பயர் கண்ணில் கண்டது, அதை எதிர்த்துப் புரோட்டஸ்ட் (முறைப்படியான ஆட்சேபம்) செய்ய முடியாது. "இடித்தது என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு ஏன் ரன்னரை இரண்டாம் பேஸில் விட்டீர்கள்" என்பது விதியைப் பற்றிய கேள்வி, இதற்குப் புரோட்டஸ்ட் உண்டு. ஆனால் பிட்சர் அடுத்த பந்தை வீசுவதற்குள் போய்ச் சொல்லிவிடுங்கள், வீசிவிட்டால் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.