ஆன் ஆகி அணையும் கம்ப்யூட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பதினான்கு வருடமாக சர்வீஸ் வேலை பார்க்கிறேன். போன வாரம் கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி, ஆன் செய்ததும் அணைந்துபோகிற ஒரு சிஸ்டத்தை அக்கக்காகப் பிரித்துப் போட்டுவிட்டு விழித்துக்கொண்டிருந்தான். அந்த வயதில் நான் செய்ததெல்லாம் அப்படியே திரும்ப நடந்தது. பிளக் செருகியிருக்கிறதா என்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அது யாருக்கும் தெரியும்.

நேரத்தைக் கவனிக்காமல் பிரிப்பது

முதலில் எத்தனை நொடியில் அணைகிறது என்று எண்ணுங்கள். ஃபேன் லேசாக அசைந்து உடனே நின்றால் பெரும்பாலும் ஷார்ட். மதர்போர்டைத் தாங்கி நிற்கும் பித்தளை ஸ்டட் ஒன்று அதற்கு அடியில் வேண்டாத இடத்தில் இருந்தாலே போதும். கொஞ்ச நேரம் ஓடி அணைந்து, உடனே திரும்பப் போட்டால் முன்னைவிடச் சீக்கிரம் அணைகிறதா? சூடு. பிராசஸர் மேல் உட்காரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்னில் ஒன்று சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டிருக்கும். விண்டோஸ் லோகோ வரும்போது அணைந்தால், லோடு ஏறும்போது எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) தாங்கவில்லையோ என்று பார்க்க வேண்டும்.

தம்பி பிரித்த சிஸ்டம் ஒவ்வொரு முறையும் நான்கு நொடியில் அணைந்தது. பவர் பட்டனை நான்கு நொடி அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அணைய வேண்டும், அது அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. பட்டன் உள்ளே சிக்கிக் கிடந்தது. பட்டன் வயரைக் கழற்றிவிட்டு, போர்டில் அது செருகியிருந்த இரண்டு பின்னை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டோம். நிற்காமல் ஓடியது.

ஆன் ஆகும்வரை பட்டனைத் தட்டுவது

கூடாது.

புது எஸ்எம்பிஎஸ்ஸில் பழைய கேபிள்

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அல்சூரில் ஒரு ஸ்டுடியோ சிஸ்டம். எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று சரியாகத்தான் கண்டுபிடித்தேன். கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடல் அது. புதியதும் அதே வகை. பழைய கேபிள்களை அழகாக இழுத்துக் கட்டியிருந்ததால், அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றினேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஆன் செய்தேன், ஃபேன் அசைந்து நின்றது. பழைய கோளாறே இன்னும் இருக்கிறது என்று நினைத்து, மதர்போர்டைச் சந்தேகப்பட்டு ஒரு நாள் முழுக்க அதோடு போராடினேன்.

உண்மையில் நடந்தது வேறு. ஹார்டு டிஸ்க்கில் செருகும் முனை எல்லாக் கேபிளிலும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு அப்படிப் பொதுவான விதி கிடையாது. எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதைத் தயாரிப்பவர்கள் அவரவர் விருப்பப்படி வைக்கிறார்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலிலேயே மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய் இரண்டு ஹார்டு டிஸ்க்கும் எரிந்தன. எரிந்த டிஸ்க் ஷார்ட் ஆனதால்தான் புது எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றது. அந்த டிஸ்க்குகளில் அடுத்த வாரம் ஆல்பமாகக் கொடுக்க வேண்டிய கல்யாணப் படங்கள் இருந்தன. மீட்டுக் கொடுக்க என் இரண்டு மாதச் சம்பளம் போனது. அதிலும் எல்லாப் படமும் வரவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் கடைசிக் கேபிள் வரை வெளியே எடுங்கள். கட்டு பிரிப்பது, திரும்பக் கட்டுவது எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை. பழைய கேபிள்களைப் பழைய பெட்டியோடே கட்டிப் போடுங்கள். பொதுவான கேபிள் பை என்று ஒன்று கடையில் இருந்தால் அதை இன்றே காலி செய்யுங்கள்.

பேப்பர் கிளிப் டெஸ்ட்டை முழுசாக நம்புவது

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக எடுத்து, போர்டில் செருகும் பெரிய கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து ஃபேன் சுற்றினால், லோடு இல்லாதபோது ஓடுகிறது என்று மட்டும்தான் அர்த்தம். போர்டோடு இணைத்து ஓடும்போது மல்டிமீட்டரில் 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறப்பது

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல்கூடத் தேங்கியிருக்கலாம். திறக்காதீர்கள்.