1965 பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை பிறந்துவிட்டால், சிங்கப்பூர் தேசிய தினப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகள் எழுதிவரும் தாள்கள் என்னிடம் திருத்தத்துக்கு வரும். போன தடவை உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவி ஒருத்தி இப்படித் தொடங்கியிருந்தாள்: “1965ல் வெள்ளைக்காரர்களிடம் போராடிச் சுதந்திரம் பெற்றோம்.” முத்து முத்தான கையெழுத்து. ஆனால் சொன்ன செய்தி தவறு. பெரியவர்களே மேடையில் அப்படித்தான் பேசுகிறார்கள், பிள்ளையை எப்படிக் குறை சொல்வது?

1965ல் நாம் பிரிந்தது மலேசியாவிலிருந்து. 1959 ஜூன் 3ஆம் தேதி தன்னாட்சி வந்தது. அப்போதும் தற்காப்பும் வெளியுறவும் லண்டன் கையில்தான் இருந்தன. 1963 செப்டம்பர் 16ஆம் தேதி மலேசியாவில் இணைந்தபோது பிரிட்டிஷ் ஆட்சி முடிந்தது. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி தனிநாடானோம். இந்த மூன்று தேதிகளையும் ஒன்றாகக் குழப்பிவிட்டால், பிரிந்த அன்று தொலைக்காட்சியில் பிரதமர் லீ குவான் யூ ஏன் கண்கலங்கினார் என்பதே பிள்ளைகளுக்குப் புரியாது. இணைய வேண்டும் என்று பாடுபட்டவர் அவர். அவர் வாயாலேயே பிரிவைச் சொல்ல வேண்டி வந்தது.

அடுத்த தவறு காரணத்தைப் பற்றியது. “வரி போட்டார்கள், கொடுமைப்படுத்தினார்கள், அதனால் குடியேற்ற நாடுகள் எழுந்தன” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். வரியும் கொடுமையும் உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 1765ல் போட்ட முத்திரை வரியை எதிர்ப்புக்குப் பயந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மறு ஆண்டே நீக்கிவிட்டது. கூடவே, அந்த மக்களுக்கு எந்த விஷயத்திலும் சட்டம் போடும் அதிகாரம் தனக்கு உண்டு என்று இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. வரி போயிற்று, சண்டை போகவில்லை. கடைசி வார்த்தை யாருடையது என்பதுதான் கேள்வி.

நம் ஊரிலும் அதே கதைதான். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி ஜப்பானியரிடம் சிங்கப்பூர் விழுந்தது. ‘வெள்ளைக்காரன் காப்பாற்றுவான்’ என்ற நம்பிக்கையும் அன்றோடு போயிற்று. மறு ஆண்டு அக்டோபரில் கேத்தே கட்டடத்தில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் பலர் அவர் படையில் சேர்ந்தார்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்தே இராத பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். இதை நம் பேச்சாளர்கள் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம். பிறகு 1956ல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் லண்டனுக்குப் போய்த் தன்னாட்சி கேட்டார். பேச்சு முறிந்த இடம் உள்நாட்டுப் பாதுகாப்பு. கடைசி வார்த்தையை விட்டுக்கொடுக்க லண்டன் தயாராக இல்லை. அவர் பதவி விலகினார்.

சுதந்திர அறிவிப்பையும் அரசமைப்புச் சட்டத்தையும் ஒன்றாக நினைப்பதும் அடிக்கடி பார்க்கும் பிழை. அமெரிக்காவின் 1776 ஜூலை 4ஆம் தேதி அறிவிப்பு வேறு, 1787ல் எழுதிய அமெரிக்க அரசமைப்பு வேறு. நம்முடைய 1965 அறிவிப்பு ஒரே ஒரு பக்கம். தமிழ் நம் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்று அதில் தேடினால் கிடைக்காது. அது அரசமைப்பின் 153ஏ பிரிவில் இருக்கிறது.

அந்த ஒரு பக்கத்தையாவது முழுதாகப் படியுங்கள். 1776ன் அறிவிப்பு மன்னர்மேல் குற்றச்சாட்டுகளை வரிசையாக அடுக்கும். நம்முடையதில் யார்மேலும் குற்றச்சாட்டு கிடையாது; இரு அரசாங்கங்களும் ஆகஸ்ட் 7ஆம் தேதி செய்த உடன்பாட்டைத்தான் சொல்கிறது. யாராலும் பறிக்க முடியாத உரிமை என்ற பேச்சு இரண்டிலும் வருகிறது. அங்கே அது ஒவ்வொரு மனிதனின் உரிமை, இங்கே ஒரு மக்கள் கூட்டம் சுதந்திரமாக வாழும் உரிமை. முடியும் இடத்தில், ‘இன்னும் கூடுதலான’ நீதியும் சமத்துவமும் உள்ள சமுதாயத்தில் மக்களின் நலனை என்றும் நாடுவோம் என்கிறது. அந்த ‘இன்னும்’தான் எனக்குப் பிடித்த சொல். நீதியை அடைந்துவிட்டோம் என்று நாடு பிறந்த அன்றே யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கும் கட்டுமானத் தளத்துத் தம்பிக்கும் இங்கே என்ன நீதி என்று இன்று கேட்பவர், அந்தப் பக்கத்தை ஒழுங்காகப் படித்தவர்.

நாம் சொல்லும் தேசிய உறுதிமொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. 1966ல் அதன் ஆங்கில வரைவை எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம். ஆங்கிலத்தில் இனம், மொழி, மதம் ‘பாராமல்’ என்ற பொருளில் இருக்கிறது. தமிழில் ‘வேற்றுமைகளை மறந்து’ என்று சொல்கிறோம். இதை வைத்து, தமிழன் என்பதையே மறந்துவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விளக்குபவர்களைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. சிறுபான்மை இன, சமயத்தவரின் நலனை அரசாங்கம் எப்போதும் கவனித்து வர வேண்டும் என்று அரசமைப்பின் 152ஆம் பிரிவு சொல்கிறது. யார் யார் இருக்கிறார்கள் என்பதையே மறந்துவிட்டால் எப்படிக் கவனிப்பது?

அந்த மாணவியிடம் முதல் வரியை மட்டும் மாற்றச் சொன்னேன். “1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி மலேசியாவிலிருந்து பிரிந்தோம்” என்று எழுதிவிட்டு, “அப்போ தாத்தா பாட்டி எல்லாம் அன்னைக்கு அழுதாங்களா, சிரிச்சாங்களா டீச்சர்?” என்று கேட்டாள். வீட்டில் போய்க் கேட்டு, அதையே இரண்டாவது வரியாக எழுதிவரச் சொல்லி அனுப்பினேன்.