ஸ்டெப் ஏரோபிக்ஸ்: முதலில் கால், அப்புறம் கை

நடனம் கலந்த ஸ்டெப் ஏரோபிக்ஸ் (இசைக்கேற்பத் தாழ்வான பலகையில் ஏறி இறங்கும் உடற்பயிற்சி) வீடியோவைப் போட்ட கொஞ்ச நேரத்திலேயே கால் பின்னிக்கொள்கிறதா? பெரும்பாலும் சிக்கல், அடுத்து எந்தக் காலால் தொடங்குவது என்பதில்தான்.

பேசிக் ஸ்டெப்பைப் பாருங்கள். வலது மேலே, இடது மேலே, வலது கீழே, இடது கீழே. நான்கு எண்ணிக்கை, அடுத்ததும் வலதுதான். முழங்கால் தூக்கும் ஸ்டெப் அப்படியில்லை. வலது மேலே, இடது முழங்காலைத் தூக்கி, இடது கீழே, வலது கீழே. இப்போது இடது கால் தொடங்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் கால் மாறுகிறதா இல்லையா என்று மட்டும் குறித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

முதல் நாள் பலகையே வேண்டாம். கைகளை இடுப்பில் வைத்து, வீடியோவை 0.75 வேகத்தில் ஓடவிட்டு, வெறும் தரையில் ஆடிப் பாருங்கள். பொதுவாக ஒரு ஸ்டெப் தொகுப்புக்கு 32 எண்ணிக்கை, அதாவது நான்கு எட்டு. முதல் எட்டு படிந்த பிறகே இரண்டாவது எட்டு. கையசைவைக் கடைசியில் சேர்க்கலாம். (அழகெல்லாம் அதில்தான், ஆனாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.)

பயிற்சியாளர் நம்மைப் பார்த்து ஆடினால், கண்ணாடியில் பார்ப்பதுபோல அவர் அசையும் பக்கமே நாமும் போனால் போதும்.

பலகை ஏறும்போது 4 அங்குல உயரம் போதும். முழுப் பாதமும் பலகைமேல் இருக்கட்டும். குதிகால் வெளியே தொங்கக் கூடாது. நடுவில் தவறிவிட்டால் வீடியோவை நிறுத்தாதீர்கள். நின்ற இடத்திலேயே நடைபோட்டு, அடுத்த எட்டில் சேர்ந்துகொள்ளுங்கள்.